பொன்னாடைக்கு நின்ற கபடி

போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில், சிலமலையில் கபடி நடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கூட்டத்தோடு நிற்கிறேன். உள்ளூர் அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. களத்தில் மிச்சம் மூன்றே பேர். ரெய்டு வந்த தேவாரத்துக்காரனின் கணுக்காலை ஒருவன் பாய்ந்து பிடிக்கிறான், மற்ற இருவரும் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். கூட்டமே துள்ளிக் கத்துகிறது. இனி ஆட்டம் இவர்கள் பக்கம்தான்.

மைக் அலறுகிறது: "ஆட்டத்த நிப்பாட்டுங்கப்பா! தலைவர் வந்துட்டாரு!"

களத்துக்குள்ளேயே நாற்காலி போடுகிறார்கள். பொன்னாடை மேல் பொன்னாடை. அப்புறம், இளைஞர்களின் வேகத்தைப் பற்றி நிதானமாக ஒரு பேச்சு. அந்த இளைஞர்களுக்கோ நின்ற இடத்திலேயே வியர்வை காய்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"என்னக்கா இது அநியாயம்?" என்கிறேன், பக்கத்தில் நிற்கும் ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்ணிடம்.

"லோடு ஜீப்ப ஏத்தத்துல நிப்பாட்டிட்டு, திரும்ப ஏறுன்னா ஏறுமாண்ணே?"

ஏறவில்லை. மறுபடி தொடங்கிய ஆட்டம் வெரசாகவே முடிகிறது, உள்ளூர் அணி தோற்கிறது. தலைவர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார், கார் சீட்டு நிறையப் பொன்னாடைகளோடு. கணுக்காலைப் பிடித்தவனின் முழங்காலில் ரத்தம் வழிகிறது. துடைக்க அங்கே ஒரு துணி இல்லை.