இரவல் குலசாமி

போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு கவுன்சிலிங் அறையில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். பொய் இருமல்தான். அதற்கு அந்த மேடம் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் வேறு எடுத்து வந்தார்... பாவம்!

நோயாளி நானில்லை. (உங்களில் பல பேருக்கு இது ஏமாற்றம் என்று தெரியும்.) என் சிநேகிதன் செல்வம். நிஜப் பேர் வேறு. “எழுதிக்கோ, பேர மட்டும் மாத்திரு” என்று அவனே சொல்லிவிட்டான்.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் அவன் டிரில்லர். அதே செட்டில் நான் லாரி ஓட்டுகிறேன். நாலு மாசம் முன்னால் வேலை நடக்கும்போது கம்ப்ரசரிலிருந்து காற்று போகிற ஹோஸ் வெடித்து அவன் காதோரமாகப் பறந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கம்ப்ரசர் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். தூக்கமில்லை. ரிக் பக்கமே போகவில்லை. எடப்பாடியில் ஒரு டாக்டர்தான் இந்த மேடத்திடம் அனுப்பினார்.

மேடம் நாமக்கல் பக்கம். தங்கமான மனுஷி. கூடப் போன என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். “நம்மூருல யாருங்க தனியா வைத்தியத்துக்குப் போறாங்க?” சரிதானே! ஊசி ஒருத்தருக்கு, வேடிக்கை பார்க்க நாலு பேர் - அதுதானே நம் வழக்கம்?

அப்புறம் ஆசையாகக் கேட்டார். “உங்க குலசாமி எதுங்க?”

வருகிறவர் எப்படி வாழ்கிறாரோ அங்கிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களாம். நல்ல பாடம். ஒரே ஒரு சிக்கல்... செல்வம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற சர்ச் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஏது குலசாமி?

“கரியாத்தாங்க” என்றான், கண் இமைக்காமல்.

அடப்பாவி, அது எங்கள் குலசாமி!

தப்பு அவன் மேல் இல்லை. போர் போடப் போகிற தோட்டங்களில் முதல் கேள்வியே இதுதான். சாதி என்ன என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். குலசாமியைக் கேட்பார்கள். பதிலைப் பார்த்து, டீ சில்வர் டம்ளரில் வருமா பேப்பர் கப்பில் வருமா என்று முடிவாகும். “யாரு கேட்டாலும் எங்க சாமி பேரச் சொல்லுடா” என்று மூன்று வருஷம் முன்னால் கற்றுக்கொடுத்ததே நான்தான். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். “கண்ண மூடிக்கங்க. கோயிலுக்குள்ள போங்க... என்ன தெரியுதுங்க?”

“மெழுகுவத்திங்க.”

“மெழுகுவத்தியா?”

“கரண்டு போயிருச்சுங்க.”

“செரிங்க... சாமி எப்படி நிக்குது?”

செல்வம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டப் போனான். பாதியில் சட்டென்று மடக்கி, “அருவா புடிச்சிருக்குதுங்க” என்றான்.

அங்கேதான் எனக்கு இருமல் வந்தது.

“இந்த வாரம் குடும்பத்தோட போயிப் பொங்க வெச்சுட்டு வாங்க. மனசுக்குத் தெம்பா இருக்கும்” என்று அனுப்பிவைத்தார் மேடம்.

வெளியே வந்து, பைக்குகள் நிற்கிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “வாடா, எங்க கோயில்லயே வெச்சுரலாம். கெடா வேணுமா, கோழி போதுமா?”

அவன் சிரிக்கவில்லை. “இனிமே நான் இங்க வாரதில்லடா.”

“ஏன்டா?”

“தோட்டத்துல சொல்ற பொய்யி டீயோட முடிஞ்சுரும். இங்கயும் பொய்யச் சொல்லிப்போட்டு, என்ற பயத்த மட்டும் எப்படிடா நெசமாச் சொல்றது?” நின்றிருந்த ஒரு பைக்கில் சாய்ந்துகொண்டான். “ஹோஸ் வெடிச்சப்ப ‘மாதாவே’ன்னு கத்திட்டேன். அடுத்த நிமிஷமே, தோட்டத்துக்காரர் கேட்டுட்டாரோன்னுதான் பயந்தேன். அவரு ஊட்டு டம்ளர்ல குடிச்சிருந்தேனில்ல... ஹோஸ் பயம் கூட அப்புறம்தான்டா வந்துச்சு. உனக்கு இது வெளையாட்டு. எனக்கு இது டியூட்டி.”

முதல் தடவையாகக் கிண்டலை விட்டேன். (எங்கள் வீட்டில் இதைக் கேள்விப்பட்டால் பட்டாசு வெடிப்பார்கள்.)

“இப்பச் சொன்னத அவங்ககிட்டச் சொல்லுடா. நானும் வாரேன்.”

திரும்ப உள்ளே போனோம். மேடம் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். செல்வம் நின்றபடியே சொன்னான். “மேடம், கரியாத்தா இவன் ஊட்டுச் சாமிங்க. நான் சர்ச்சுக்குப் போறவனுங்க.” டம்ளர் கதையையும் சொன்னான்.

மேடம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். “தப்பு என்ற மேலதாங்க. நெருக்கமாப் பேசறதா நெனச்சுக்கிட்டு, தோட்டத்துக்காரரு கேட்ட அதே கேள்வியத்தான் நானும் கேட்டிருக்கறேன். மன்னிச்சுக்கங்க. எதச் சொல்றது, எத வுடறதுன்னு இனி நீங்கதான் சொல்லோணும்.” என்னைக் காட்டிக் கேட்டார். “இவரு இருக்கட்டுங்களா?”

“வேண்டாமுங்க. இவன் இருந்தா எனக்குப் பொய்யாத்தான் வருது.”

என்ன ஒரு நன்றி! முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் கிடந்தேன். உள்ளே என்ன பேசினான்? தெரியாது. வழக்கமாகக் குடைந்து எடுக்கும் நான், அன்றைக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நெருக்கம் என்று நமக்கு யார் சொன்னது?

அடுத்த வாரத்துக்கு அவனே நேரம் குறித்துவிட்டு வந்தான். பஸ்ஸில் கொண்டலாம்பட்டி தாண்டவில்லை... என் தோளில் சாய்ந்து குறட்டை! இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. எனக்கு எழுப்ப மனசு வரவில்லை. விட்டேன். பஸ் கடைசியாக நின்ற இடத்திலிருந்து மொட்டை வெயிலில் இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தோம்.

வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை!