தொட்டியடியில் காத்திருந்த காலை

அடுத்த வருடம் கென்யாவுக்குச் சஃபாரி போகத் திட்டம் போட்டிருந்தேன். அதற்கு ஒத்திகையாக, கடும் கோடையில் நெடுந்தீவின் காட்டுக் குதிரைகளைப் படமெடுக்கப் போனேன். தண்ணீருக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தால் மிருகம் தானாக வரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். குளங்கள் வற்றி, அந்தப் பக்கத்தில் தண்ணீர் இருந்தது ஒரேயொரு சீமெந்துத் தொட்டியில்தான். விடியும்போதே கமராவோடு அதன் அருகில் குந்திவிட்டேன்.

குதிரைகள் வந்தன. ஆனால் தூரத்திலேயே நின்று என்னைப் பார்த்தன. வெயில் ஏறியது. அவை கிட்ட வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. எலும்பு தெரிந்த குட்டியொன்று மெல்லச் சரிந்து படுத்தது. நல்ல காட்சி என்று நான் படமெடுத்தேன்.

பத்து மணிபோல, தொட்டிக்குத் தண்ணீர் நிரப்ப ஒருவர் உழவு இயந்திரத்தில் வந்தார். தொட்டியில் தண்ணீர் குறையாமல் இருந்ததைப் பார்த்து முகம் மாறினார்.

"எப்ப வந்தனீர், தங்கச்சி?"

"விடியவே வந்திட்டன் அண்ணை. ஆபிரிக்கா போகப்போறன், அதுதான் பழகிப் பாக்கிறன்."

"அங்க சிங்கம் செய்யிற வேலையை இஞ்ச நீர் செய்யிறீர். எழும்பும்!"

நாங்கள் விலகியதும் குதிரைகள் தொட்டிக்கு ஓடின. குட்டி மட்டும் எழும்பவில்லை. அவர் வாளியில் கொண்டுபோய் ஊற்றிய தண்ணீர் அதன் கடைவாயால் வழிந்து மண்ணில் போனது. தாய்க் குதிரை நனைந்த வாயோடு திரும்பி வந்து அதை முகர்ந்தபடி நின்றது.

கென்யா ஆசை இன்னும் போகவில்லை. எவ்வளவு தள்ளி நின்றால் மிருகங்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கும் என்று சஃபாரி நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் பதில் எழுதவில்லை.