குண்டூசி ஒட்டாத இரும்பு

அவள் வேலையில் இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் பதில் எண்ணாகத்தான் வரும். "அக்கா, டீ சாப்பிடறீங்களா?" என்றால் "அறுபத்தி நாலு" என்பாள். "ஏம்மா, வீட்டுச் சாவி எங்க?" என்று புருஷன் கேட்டால் "அறுபத்தி ஒம்போது." தாமிரக் கம்பி அச்சில் ஏறிக்கொண்டிருக்கும். பத்துச் சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் கொதித்து உயிரை விட்டுவிடும். ஆகவே எண்ணிக்கை முடிகிறவரை டீயும் கிடையாது, சாவியும் கிடையாது. தெருவில் எல்லோருக்கும் அவள் சுத்துக்கார அக்கா. நாமும் அக்கா என்றே சொல்லுவோம்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் எட்டு வருஷம் சுருள் சுற்றினாள். அங்கேதான் அவளுக்கு இந்தப் பித்துப் பிடித்தது. ஒரு இரும்புச் சட்டம். அதன் ஒரு காலில் ஒரு சுருள், எதிர்க்காலில் இன்னொரு சுருள். இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆனால் இந்தச் சுருளில் மின்சாரம் விட்டால் அந்தச் சுருளில் வருகிறது! இங்கே ஆயிரம் சுற்று, அங்கே நூறு சுற்று என்றால் வோல்ட்டும் சொல்லிவைத்த மாதிரி பத்தில் ஒன்றாக இறங்கி வருகிறது. கூட உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது வேலை. இவளுக்கு அது தூக்கத்தைக் கெடுத்த சமாச்சாரம்.

"தொடாமலே எப்படி சார் அந்தப் பக்கம் போகுது?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டாள்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? கம்பியைச் சுத்து" என்றார் அந்த மகானுபாவர். அவருக்கே தெரியாது என்பதுதான் விஷயம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மனுஷனுக்கு அவ்வளவு கஷ்டமா?

அக்கா விடவில்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை போன பாடப்புத்தகம் ஒன்றைப் பிடித்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். மின்சாரம் ஓடுகிற கம்பியைச் சுற்றிக் காந்தம் பிறக்கிறது. காந்தம் கூடிக் குறைந்தாலோ நகர்ந்தாலோ பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவுதான் சங்கதி! டிரான்ஸ்பார்மர், மோட்டார், ஜெனரேட்டர் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மின்சாரத்தைக் கொடுத்தால் சுற்றுகிறது, அது மோட்டார். சுற்றிவிட்டால் மின்சாரம் கொடுக்கிறது, அது ஜெனரேட்டர். அன்றைக்கு அவள் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு மூன்று நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் அந்தக் கம்பெனிக்குக் கம்பி வாங்க வருவார். பேரிங் மாற்றுவதிலும் தண்டு நிமிர்த்துவதிலும் கெட்டிக்காரர். "எரிஞ்ச மோட்டார் வந்தா யாரு சுத்துறாங்க?" என்று அவரிடம் இவளாகவே கேட்டாள். "வெளிய குடுத்துடுவேங்க" என்றார். "இனிமே குடுக்காதீங்க" என்றாள். கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இரும்பு அவர் பாடு, தாமிரம் இவள் பாடு என்று பதினைந்து வருஷமாகக் கடை ஓடுகிறது.

இப்போது தங்கை கதைக்கு வருவோம். தங்கையும் அவள் புருஷனும் ஊர் எல்லையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் போட்டார்கள். அலமாரி மாதிரி இரண்டு பெரிய பெட்டிகள், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டு, தட்டு நிறைய முட்டை. சூடு ஏற ஹீட்டர், காற்று ஓட விசிறி. இருபத்தொரு நாள் மின்சாரம் நிற்கக்கூடாது. அதற்காகத் தங்கை பழைய டீசல் என்ஜினும் ஜெனரேட்டரும் வாங்கினாள். என்ஜின் நன்றாக இருந்தது. ஜெனரேட்டரின் நடுவில் சுற்றுகிற ரோட்டர் மட்டும் எரிந்து கரியாகக் கிடந்தது.

"பெரிய பட்டறை எதுக்காவது குடுத்துடலாமே" என்றார் தங்கை புருஷன். ஆள் நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"எங்கக்கா இருக்கும்போது வெளிய எதுக்குங்க?" என்று தங்கை ஒரே பிடியாக நின்றாள். அந்த ஒரு பேச்சில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சி வேலை என்று இழைத்து இழைத்துச் செய்தாள். பழைய சுருளில் இறுகிக் கிடந்த வார்னிஷ் லேசில் விடாது; ரோட்டரை நெருப்பில் வாட்டி, சுத்தியலால் தட்டி உதிர்க்கவேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரம் வாட்டுவாள், இதற்கு மூன்று மணி நேரம். வழக்கமாக நாலு தட்டு, இதற்கு நாற்பது. பொடி அழுக்குகூட மிஞ்சக்கூடாது என்று பளபளவென்று தேய்த்துப் புதுக் கம்பி சுற்றினாள். அந்த அதிகப்படி அக்கறைதான் பின்னால் காலை வாரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? சுற்றி ஓட்டிப் பார்க்கக் கடையில் என்ஜின் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தாள், எல்லாம் சரி.

ஜெனரேட்டரைக் கொண்டுபோய்ப் பூட்டிய நாள், முட்டைகளுக்கு இருபதாம் நாள். நாலாயிரம் முட்டை. மறுநாள் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வரவேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். மணி பத்தேகால் இருக்கும்.

டமார்!

தெருமுனையில் கம்பத்து டிரான்ஸ்பார்மர் புகையைக் கக்கியது. கூடத்துக்குள் விசிறிகள் மெல்ல மெல்ல நின்றன. அந்த இரைச்சல் இல்லாத கூடத்தை அக்கா அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள்.

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த தங்கை புருஷன் மூச்சுவாங்கினார். "லைன்மேன் வந்துட்டார். புதுசு கொண்டாந்து மாட்ட சாயங்காலம் ஆயிடுமாம்."

"ஆகட்டுமே!" என்றாள் தங்கை சிரித்துக்கொண்டே. "நம்ம ஜெனரேட்டர் என்ன நேரம் பார்த்து வந்திருக்கு பாருங்க!" சொல்லிக்கொண்டே ஓடிப்போய் மெயின் சுவிட்சை ஜெனரேட்டர் பக்கம் திருப்பிவிட்டு வந்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர் என்ஜினைக் கிளப்பினார். முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடியது. ரோட்டர் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"மீட்டர் கெட்டிருக்கும்" என்றார் வீட்டுக்காரர். வேறு மீட்டர் வைத்தார்கள். அதிலும் பூஜ்யம். என்ஜினை நிறுத்தி, ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகிற கரித்துண்டுகளைத் தேய்த்து வைத்தார்கள். ஓட்டினார்கள். பூஜ்யம். ஒவ்வொரு இணைப்பாக அவிழ்த்துக் கட்டினார்கள். பூஜ்யம். ஒரு சுற்று அறுந்திருக்கிறதா? இல்லை. எங்காவது இரும்பைத் தொடுகிறதா? இல்லை. வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது, மின்சாரம் மட்டும் வரவில்லை!

அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. கடைசி நாளில் முட்டைக்குள் இருப்பது குஞ்சு, அது மூச்சு விடுகிறது. பெட்டிக் கதவை மூடிவைத்தால் உள்ளே காற்று கெட்டுப் புழுங்கிவிடும். திறந்துவைத்தால் சூடு போய்விடும். தங்கை ஐந்து நிமிஷம் திறப்பதும் பத்து நிமிஷம் மூடுவதுமாக இரண்டு பெட்டிக்கும் நடுவில் அலைந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் இல்லை.

"வாடகைக்கு ஜெனரேட்டர் கேட்டுட்டேன். வந்துசேர ரெண்டரை மணி நேரமாம்" என்று போனை வைத்தார் தங்கை புருஷன். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. "அப்பவே சொன்னேன், பெரிய பட்டறைக்குக் குடுக்கலாம்னு."

"சகலை, கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை; யோசித்தாள். காந்தம் சுற்றினால் மின்சாரம் வரும். சுற்றுவது சுற்றுகிறது. அப்படியானால் இல்லாதது எது? இந்த ரோட்டருக்குக் காந்தம் எங்கிருந்து வருகிறது? இதே ஜெனரேட்டர் தயாரிக்கிற மின்சாரத்தில் கொஞ்சத்தைத் திருப்பி ரோட்டருக்குக் கொடுக்கிறோம், அதனால் அது காந்தமாகிறது. ஆனால் முதல் மின்சாரம்? அதற்கு முதல் காந்தம் வேண்டுமே. அது பழைய இரும்புக்குள்ளேயே எப்போதும் துளி மிச்சம் இருக்கும். அந்தத் துளி கொஞ்சம் மின்சாரத்தைக் கொடுக்கும், அந்த மின்சாரம் காந்தத்தைக் கொஞ்சம் கூட்டும், கூடின காந்தம் இன்னும் மின்சாரம் கொடுக்கும், அப்படியே படிப்படியாக ஏறும்.

"ஏங்க, என்ஜினை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். "ஒரு குண்டூசி குடுடி!"

தங்கை சட்டையில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கிக் கொடுத்தாள். அக்கா ஜெனரேட்டரின் பக்கத்துச் சந்து வழியாக அதை ரோட்டர் இரும்பின் மேல் வைத்துக் கையை எடுத்தாள். துளிக் காந்தம் இருந்திருந்தாலும் ஒட்டியிருக்கும். அது சரக்கென்று சறுக்கிக் கீழே விழுந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று மணி நேர நெருப்பு. நாற்பது அடி. அழுக்கை எடுக்கிறேன் பேர்வழி என்று இரும்பில் இருந்த காந்தத்தையும் சேர்த்து எடுத்துத் தொலைத்திருக்கிறாள்! அரைகுறையாகச் செய்கிறவன் கையில் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

"தப்பு என்னுதுதான், மாப்பிள்ளை" என்றாள் தங்கை புருஷனைப் பார்த்து. "அளவுக்கு மீறி வாட்டித் தட்டிட்டேன். இரும்புல இருந்த காந்தம் செத்துப்போச்சு. வெறும் இரும்பு சுத்தி என்ன பிரயோஜனம்? ஆனா அதைத் திருப்பி எழுப்பலாம். என்ஜின் பேட்டரி இருக்குல்ல? நல்ல ஒயரா ரெண்டு கொண்டாங்க!"

அந்த மனிதர் ஒயர் தேடி ஓடினார்.

உலர்ந்த பலகையைக் காலடியில் போட்டுக்கொண்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அக்கா நின்றாள். பேட்டரியின் பிளஸ் ரோட்டரின் பிளஸுக்குத்தான் போகவேண்டும், மாறினால் உள்ளதும் போய்விடும். ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டாள். என்ஜின் மறுபடி தடதடத்தது. பேட்டரி ஒயரால் கரித்துண்டைத் தொட்டாள்.

முள் துள்ளியது! நாற்பது, அறுபது, எழுபது! "வருது, வருது!" என்று வீட்டுக்காரர் கூவினார். ஒயரை எடுத்ததும் முள் தயங்கியது, பிறகு சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிறந்த பிள்ளை தலையில மூட்டையை ஏத்தினா எப்படி நிக்கும்?" என்று அக்கா சீறினாள். "மெயின் சுவிட்சு எந்தப் பக்கம் இருக்கு?"

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள்தானே ஆரம்பத்திலேயே திருப்பிவிட்டாள்! இரண்டு பெட்டியின் ஹீட்டரும் விசிறியும் அந்தப் பச்சிளம் மின்சாரத்தைப் பிறக்கப் பிறக்க உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரே ஓட்டமாக ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். "அணைச்சாச்சுக்கா!"

அக்கா மறுபடியும் தொட்டாள். நாற்பது. எழுபது. ஒயரை எடுத்தாள். முள் இறங்கவில்லை! நூறு. நூற்றி ஐம்பது. இருநூறு. இருநூற்றி முப்பதில் போய் ஜம்மென்று நின்றது. ஒயரை எடுத்தபின் ஏறியது முழுக்க அதுவே தனக்குக் கொடுத்துக்கொண்ட மின்சாரம்! அக்கா பலகையின் மேல் நின்றபடியே குதித்தாள். நாற்பத்தி ரெண்டு வயசு என்று யாராவது சொன்னால் அடித்துவிடலாம்.

"இப்பப் போடு சுவிட்சை!"

விசிறிகள் முனகின, சுழன்றன, பழைய இரைச்சல் கூடத்தை நிரப்பியது. வீட்டுக்காரரும் சகலையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மணி பதினொன்று ஐம்பது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அக்காவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. முள் ஏறியதைப் பார்த்தாயிற்று. முட்டைக்குள் இருப்பதை எந்த மீட்டரில் பார்ப்பது? அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போகாமல் வாசலிலேயே நின்றாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

தங்கை பெட்டியைத் திறந்து, நடுத் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதை அக்காவின் காதோடு வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே என்ஜின் தடதடத்தது, உள்ளே விசிறி இரைந்தது. மற்றக் காதைக் கையால் அடைத்துக்கொண்டாள்.

டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டொக், டொக். பிறகு மெல்லிசாக, கோபமாக, ஒரு கீச்சுக் குரல்.

"கேக்குதாக்கா?"

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கி முட்டையை நனைத்தது.

"கேக்குதுடி" என்றாள். "என்னைத்தான் திட்டுறான். நல்லாத் திட்டட்டும்."