பாடகிக்கு முன்னால் நிற்பவர்

ஈசூன் நிலையத்தில் ரயில் கதவு மூடியதும் பதுரு அக்கா இயர்போனின் ஒரு முனையை மட்டும் முக்காட்டுக்குள் நுழைத்துக்கொள்வார். இன்னொரு முனை நெஞ்சின்மேல் தொங்கும். நிலையத்தின் பெயர் கேட்பதற்கு ஒரு காது வேண்டும் என்பார். மடியில் கைப்பை, அதன்மேல் புத்தகம்போல் திறந்து மூடும் சிவப்பு விளையாட்டுக் கருவி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களையும் பொத்தான்கள்மேல் வைப்பார். அடுத்த நிலையமான காதிப் வருவதற்குள் முதல் சண்டை தொடங்கியிருக்கும். எதிரே நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒருநாள் ஒருத்தி, "ஆன்ட்டி, அது ரொம்ப ஓல்டு கேம் லா" என்றாள். "நானும் ஓல்டுதான்" என்று நிமிராமலே பதில் வந்தது.

முழுப்பெயர் பதுருன்னிசா. வயது ஐம்பத்தொன்று. தேக்காவில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்கு மேல்தளத்தில், துணிக்கடைகளுக்கு நடுவே, ஒரு தையல் இயந்திரமும் ஒரு நிலைக்கண்ணாடியும் வைக்கும் அளவுக்கு அவருக்கு இடம் உண்டு. புதுத்துணி தைப்பதில்லை. ஆல்டர் வேலை மட்டும்தான். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, சுரிதாரின் பக்கங்களைப் பிடிப்பது, பிடித்ததை இரண்டு வருடம் கழித்துத் தளர்த்திக் கொடுப்பது. உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசிகள் இருக்கும், பேசினாலும் விழாது. ஒருமுறை எடுத்த அளவை அவர் மறப்பதில்லை. பல வருடம் கழித்து வரும் வாடிக்கையாளரிடம், "முப்பத்திரெண்டு இருந்தீங்க, இப்ப முப்பத்தெட்டு" என்று படிக்கட்டு வரை கேட்கும்படி அறிவிப்பார். வந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே தளத்தில் இருக்கின்றன. காலையில் ஒரே ரயிலில் நகரத்துக்குப் போவோம். கடந்த ஆறு வாரங்களில் அவரோடு பேசிய அளவு அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் நான் பேசியதில்லை. அதற்குக் காரணம் அந்தக் கருவி.

அதில் இருந்த விளையாட்டு ஜப்பானிய மொழியில் இருந்தது. அதன் உலகத்தில் வாளால் மட்டும் யாரையும் வெல்ல முடியாது. ஒரு பெண் பின்னால் நின்று பாடுவாள். அவள் பாடி முடிக்கும்வரை மற்றவர்கள் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும். பாட்டு நீள நீள அதன் மந்திரம் வலுக்கும். இடையில் அவள்மேல் ஓர் அடி விழுந்தால் பாட்டு அறுந்துபோகும். அவளுக்குப் புதுப் பாட்டு வேண்டுமென்றால் அவளோடு பழகவேண்டும். சண்டை ஓய்ந்து விடுதியில் தங்கும்போதெல்லாம் பேச்சுக் கொடுக்கவேண்டும். நம்பிக்கை வந்தால் அவள் தன் மனத்துக்குள் அனுமதிப்பாள். அந்த மனம் ஒரு வீடு. அறைக்கு ஒரு பாட்டு. பொருந்தாமல் பேசினால் அந்த அறையின் கதவு சாத்திக்கொள்ளும்.

"சண்டைல்லாம் ஈஸிம்மா, அடிச்சா சாவுது" என்பார் அக்கா. "இந்தப் புள்ளைகிட்ட பேசுறதுதான் பெரும்பாடா இருக்கு."

கருவி அவருடைய ஒரே மகள் இன்ஷாவுடையது. இன்ஷா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மாலையில் வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து ஒரே பாட்டு திரும்பத் திரும்பக் கேட்கும். அக்கா கதவைத் தட்டுவார். பாட்டின் சத்தம் கூடும். இரண்டு வருடங்களுக்கு முன் கிளமெண்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இன்ஷா வேண்டாம் என்றாள். இந்தப் பொம்மைப் பெட்டிதான் பெண்ணைக் கெடுக்கிறது என்று அக்கா முடிவு கட்டினார். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கருவியை எடுத்துத் தன் அலமாரியில் பூட்டிவிட்டு, அடுக்குமாடிக் கட்டடத்தின் குப்பைக் குழாயில் வீசிவிட்டதாகச் சொன்னார். இன்ஷா பன்னிரண்டு மாடி இறங்கிப்போய், துப்புரவுப் பணியாளரைக் கெஞ்சி, குழாய் முடியும் தொட்டியைத் திறக்கச் செய்து தேடினாள். அலமாரிச் சாவி அப்போது அக்காவின் இடுப்பில்தான் இருந்தது. அடுத்த வாரம் ஒரு பையோடு குவீன்ஸ்டவுனில் வாடகை அறைக்குப் போய்விட்டாள். தந்தை அப்துல் அஜீஸை மட்டும் மாதம் ஒருமுறை அழைப்பாள். தாயிடம் ஒரு சொல்லும் இல்லை.

இந்த வருடம் நோன்பு மாதத்தின் கடைசி ஞாயிறு பிற்பகல். வீட்டில் தனியாக இருந்த அக்கா அலமாரியைத் திறந்து கருவியை எடுத்தார். பழைய சார்ஜர் கம்பியைச் செருகினார். உயிர் வந்தது. எழுத்து புரியாததால், எங்கு வந்தாலும் முதலில் இருந்ததை அமுக்கினார். இரண்டு மணி நேரம் எங்கெங்கோ நடந்தார். ஓரிடத்தில் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அதன் ஓரத்தில் 163:20 என்ற எண். அதையும் அமுக்கினார். ஏதோ கேட்டது. மறுபடியும் அமுக்கினார். கருவி வேலை செய்கிறதே என்ற சந்தோஷத்தில் அன்றே மகளுக்குச் செய்தி அனுப்பினார்: 'வீசல. அலமாரியில இருக்கு. மன்னிச்சிரு.'

மறுநாள் பதில் வந்தது. அதில் ஆறு வாரம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமையின் தேதி மட்டும், அன்று வந்து எடுத்துக்கொள்வாளாம். இரண்டு வருடத்தில் முதல் பதில். அதை எனக்கும், மீன் கடைக்காரருக்கும், பொத்தான் தைக்க வந்த யாரோ ஒருவருக்கும் அக்கா காட்டினார்.

அந்த வாரமே நல்ல சார்ஜர் கம்பி வாங்குவதற்காகக் கருவியைத் தேக்காவுக்கு எதிரே கைபேசிக் கடை வைத்திருக்கும் ரியாஸிடம் கொண்டுபோனார். ஓரத்து எண் இப்போது 2:10 என்று இருந்தது. நூற்று அறுபத்து மூன்று எங்கே போனது என்று கேட்டார். அளவை மறக்காதவர் அல்லவா. ரியாஸ் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கருவியை மெதுவாக மேசைமேல் வைத்தாராம்.

"அக்கா, அது உங்க மக விளையாடின நேரம். அதுமேல நீங்க உங்களோடத சேவ் பண்ணிட்டீங்க. போனது போனதுதான்."

அன்று மாலை ரயிலில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் ஊசிகள் இன்னும் இருந்தன. எடுக்க மறந்துவிட்டார்.

"திரும்ப விளையாடி வச்சிர்றேன்" என்றார் கடைசியில். "பிரிச்சுத் தைக்கிறதுதானே நம்ம பொழப்பு."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலை ரயில், மதிய உணவு வேளை, மாலை ரயில். முதல் பத்து நாட்களில் எந்தக் கதவும் திறக்கவில்லை. பாடகி ஏதாவது சொன்னால் கீழே மூன்று பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் மிக நீளமான பதிலையே அமுக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நெறைய எழுதியிருந்தா நெறைய பாசம் இருக்கும்ல" என்றார்.

பிறகு ரியாஸ் இணையத்திலிருந்து ஆங்கில வழிகாட்டி ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார். நாற்பது தாள். அதை ரயிலில் தமிழில் சொல்வது என் வேலையாயிற்று. அக்கா அமுக்கிய நீளப் பதில்கள் எல்லாம் புத்திமதிகள். 'உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்' என்று ஒன்று. 'உன் வயதில் இதெல்லாம் தேவையா' என்று இன்னொன்று. பெரும்பாலான இடங்களில் சரியான பதில் வெறும் மூன்று புள்ளிகள். ஒன்றும் பேசாமல் இருப்பது என்று அதற்குப் பொருள்.

"வாயத் தொறக்காம இருக்குறதுக்கு எதுக்கு ஒரு பதிலு?" என்று எரிச்சலோடு கேட்டார். ஆனாலும் அமுக்கினார். கதவு திறந்தது.

விளையாட்டில் இரண்டு பாடகிகள். ஒருத்தி வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிய அமைதியான பெண், மற்றவள் பச்சை முடிக்காரி, சண்டைக்காரி. இன்ஷா யாரோடு போனாள் என்று அக்காவுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே நின்று கேட்ட பாட்டு மட்டும் தெரியும். தையல் இயந்திரத்தை மிதிக்கும்போது அதை முணுமுணுப்பார். தன் மகள் அமைதியானவள் என்று எண்ணி வெள்ளைத் துண்டுக்காரியோடு மூன்றாவது வாரம் வரை போனார். அவளுடைய அறைகள் எல்லாம் திறந்தும் அந்தப் பாட்டு வரவில்லை. வழிகாட்டியைப் பார்த்தோம். மற்றவளிடம் போகவேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும். மூன்று வாரம் வீண். அக்கா பிஷான் நிலையத்தில் கருவியை மூடிவிட்டு எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் புதிதாகத் தொடங்கினார். அதன் பிறகு மதியச் சாப்பாடும் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டையை ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் தைத்துக் கொடுத்துவிட்டார். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லையாம்.

இதையெல்லாம் மகளிடம் நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்டேன். தொட்டியில் கைவிட்டுத் தேடிய பெண்ணிடம், பத்திரமாக இருந்ததையும் அழித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது என்றார். சனிக்கிழமை அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, அந்தப் பாட்டு ஓடி, ஒரு வாய் சோறு சாப்பிட்டால் அதன் பிறகு சொல்லலாமாம்.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தபோது, ரயில் பிஷானைத் தாண்டிய பிறகு பச்சை முடிக்காரியின் கடைசி அறை திறந்தது. அக்கா இயர்போனைக் கழற்றி என் கையில் திணித்தார். மெல்லிய குரல், பின்னால் மணிகள். "இதான்" என்றார். "அவ ரூமுக்குள்ள ஓடுனது இதான்." தோபி காட்டில் இறங்கி ரயில் மாறவேண்டும். இருவருமே இறங்கவில்லை. பாட்டு முடிந்து மறுபடி தொடங்கி ஓடிக்கொண்டே இருந்தது. ஓரத்து எண் 51:36.

"நீளம் பத்தல" என்றார். "ஆனா அதே துணிதான்."

மகள் எண்ணைக் கவனித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கவனிச்சுத் திட்டுனா நல்லாருக்கும்மா. ரெண்டு வருஷமா என்னைத் திட்டக்கூட இல்ல அவ."

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இன்ஷா வந்தாள். நான் வீட்டு வாசல் நடைபாதையில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டிலிருந்து நெய்ச்சோற்று மணம் தளம் முழுவதும் பரவியிருந்தது. இன்ஷா காலணியைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, நலம் கேட்டாள், தந்தையின் வேலையைப் பற்றிக் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. மருத்துவர் வரக் காத்திருப்பவர்களிடம் பேசுவதைப்போல் இதமாகப் பேசினாள்.

அக்கா கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கென்று பஞ்சு வைத்து ஒரு உறை தைத்திருந்தார். இன்ஷா கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைத் திருப்பிக் கொடுத்தாள். மூடியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள். கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இப்போது இந்த வகைக் கருவியை ஆட்கள் தேடி வாங்குகிறார்கள், வாங்குபவர் ஈசூன் நிலையத்தில் காத்திருக்கிறார், எடுத்துப்போக வந்ததே அதற்குத்தான் என்றாள். சொல்லிக்கொண்டே அவள் விரல்கள் எதையோ அமுக்கின. திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நீளத் தொடங்கியது.

"என்னம்மா பண்றே?"

"க்ளியர் பண்றேன். வாங்குறவங்களுக்குக் காலியா கொடுக்கணும்ல."

அக்கா கையை நீட்டினார். கருவியைத் தொடாமல் கை நடுவிலேயே நின்றது. கோடு நிரம்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. மகளுடையதைத் தானே அழித்துவிட்டதையும், ஆறு வாரம் ரயிலில் உட்கார்ந்து மறுபடி விளையாடியதையும், பச்சை முடிக்காரியையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார். "உன் பாட்டு வரைக்கும் கொண்டாந்து வச்சிருந்தேன் இன்ஷா."

இன்ஷா முதல்முறையாகத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"என் பாட்டா?" என்றாள். யோசித்தாள். "கேம்ல அந்த ரூம்ல மட்டும் பாட்டு நிக்காம ஓடும்மா. விளையாட வேணாம், சும்மா வச்சிட்டா போதும். நான் அழுறது வெளிய கேக்கக்கூடாதுன்னு போட்டு வைப்பேன். அவ்ளோதான்."

குறை சொல்லும் குரலே இல்லை. கேட்ட கேள்விக்கு விவரம் தருவதைப்போல் சொன்னாள். கைபேசி அடித்தது. ஐந்து நிமிடத்தில் வருவதாக யாருக்கோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "சாப்பிட இன்னொரு நாள் வர்றேன்மா" என்று மின்தூக்கியை நோக்கி நடந்தாள். அக்கா வெறுங்காலோடு பின்னால் போனார்.

மின்தூக்கிக்குள் இன்ஷா திரும்பி நின்றாள். கதவு மூடத் தொடங்கியது. அக்கா வெளியே இருந்த பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவு மறுபடி மூடத் தொடங்க, மறுபடி அமுக்கினார்.

"ம்மா, விடுங்க. ஆள் வெயிட் பண்றாங்க."

அக்கா தலையசைத்தார். கதவு மூன்றாம் முறை மூடி வந்தபோது, அவர் மறுபடி பொத்தானை அமுக்கினார்; கதவு திறந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.