கொடியில் கிடக்கும் சாரம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. பிழைகளை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் நான் துணி தேய்க்கிற கடையில், மத்தியானம் கதவைச் சாத்துமுன் முதலாளி புகூர் என்கிற வாசனைக் கட்டையைத் தணலில் போட்டு எடுத்து வருவார். எல்லோரும் சட்டைக்குள் புகையை வாங்கிக்கொள்வார்கள். நான் மட்டும் பின்னால் நகர்ந்துவிடுவேன். காசு கேட்பார் என்று பயப்படுவதாக நினைத்து, "ஃபுளூஸ் மாஃபி, ஃபுளூஸ் மாஃபி" என்று சிரிப்பார். காசு வேண்டாமாம். என் மகள் இசக்கியைப் பற்றி அவரிடம் சொல்லுமளவுக்கு எனக்கு அரபி வராது.

இசக்கிக்கு ஆட்டிசம் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னார். பேச்சு இல்லை. முகத்தைவிட வாசம்தான் அவளுக்கு அடையாளம். எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்து மில்லில் நான் மூட்டை தூக்கிய காலத்தில், வேலை முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், இடுப்பில் கட்டிய சாரத்தின், அதுதான் லுங்கியின், முனையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். பார் சோப்பும் ஆற்றுத் தண்ணீரும் கலந்த வாசம். அப்போது மில் சங்கு ஊதினால்கூடக் காதைப் பொத்த மாட்டாள்.

போன லீவில், வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற எல்லோரையும்போல நானும் புதுச் சட்டையில் சென்ட்டைக் கொட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

"என்னவே, மஸ்கட்டு மணம் ஆத்துப்பாலம் வரைக்கும் வருது!" என்றான் எதிர்வீட்டு மாடசாமி. பெருமையாக இருந்தது. இசக்கி அலறிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யாரோன்னு நெனைக்கா. ஆத்துல போயி நல்லா முங்கிட்டு வாங்க. பழைய சாரம் கொடியிலதான் கெடக்கு," என்றாள் என் மனைவி செல்வி.

முங்கினேன். ஆனால் பெட்டி, துணி எல்லாவற்றிலும் சென்ட் ஏறியிருந்தது. புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம்தான் பைய வந்து சாரத்து முனையைப் பிடித்தாள்.

அடுத்த மாதம் மறுபடியும் லீவு. இந்தத் தடவையாவது வாசலிலேயே என்னிடம் வருவாளா? செல்வி ஓர் ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்ட பார் சோப்பில்தான் இப்போது குளிக்கிறேன், துவைக்கிறேன். தண்ணீருக்கு என்ன செய்ய? இங்கே குழாயில் வருவது கடல்தண்ணீரைச் சுத்தம் செய்தது. அதற்கு ஒரு வாசமும் இல்லை.

இன்று காலை வீடியோவில் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, அப்பா எங்க இருக்காவ? காட்டு பாப்போம்," என்றாள் செல்வி.

இசக்கி போனைப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் கொடியைக் காட்டினாள்.

"தொவைக்கவே விட மாட்டேங்கா," என்றாள் செல்வி.

கை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, காற்றில் ஆடும் அந்தச் சாரத்தை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் எழுதியது: மஸ்கட், ஆவணி 12, வெள்ளிக்கிழமை.