பூனைக்கு ஊற்றிய இளநீர்

கோரிப்பாளையத்தில் இளநீர் வண்டி போட்டிருக்கிறேன். பதினான்கு வயதான என் பூனைக்குப் பகலெல்லாம் வண்டியடி நிழல்தான். போன வருடம் அது தலையைத் தூக்க முடியாமல், தாடை நெஞ்சில் இடிக்க நடக்க ஆரம்பித்தது.

"என்ன மாப்ள, உன்னைய மாதிரியே தல நிமிராம நடக்குது?" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். உண்மைதான். எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது.

மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், நடந்து காட்டாமல் கூடைக்குள் சுருண்டுகொண்டது. "வயசாயிருச்சுண்ணே, கிட்னியும் லேசாக் கெட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். மிச்ச இளநீரை மூடியில் ஊற்றி வைத்தால் பூனை நக்கிக் குடிக்கும். மறுநாள் தலை கொஞ்சம் நிமிரும். சோழவந்தானிலிருந்து இளநீர் லோடு வராத நாட்களில் மறுபடி தொங்கிவிடும். மூன்று தடவை பார்த்துவிட்டேன். வயசுக் கோளாறு இப்படி இளநீருக்கு ஏறி இறங்காது.

"இத டாக்டர்ட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றாள் மனைவி.

"இளநியவா குடுத்தன்னு திட்டுவாங்க."

"திட்டுனா வாங்கிக்கங்க. அது செத்த பெறகு யார்ட்டப் போயி சொல்லுவீங்க?"

மறுபடி போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"எம்புட்டுண்ணே குடிக்கும்?"

"அரை டம்ளர் இருக்கும்மா."

இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு உண்டு, அது ரத்தத்தில் குறைந்தாலும் பூனைக்குக் கழுத்துத் தொங்கும் என்றார். சோதித்தால் மிகவும் குறைந்திருந்தது. ரத்த அழுத்தமோ உச்சத்தில். ஸ்கேனில் இடது சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பியில் கட்டி தெரிந்தது. அது அளவுக்கு மீறிச் சுரந்ததால்தான் அந்த உப்பெல்லாம் சிறுநீரில் போயிருக்கிறது. அப்படியே விட்டால் ரத்த அழுத்தத்தால் கண்ணும் போய்விடும் என்றார்.

"ஆபரேஷன் செஞ்சு எடுக்கலாம். இந்த வயசுல டேபிள்லயே போயிரவும் வாய்ப்பிருக்கு. இல்லேன்னா மாத்திரையில கட்டுப்படுத்தலாம், ஆனா கட்டி அப்படியேதான் இருக்கும்" என்றார்.

முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "மாத்திரை குடுங்கம்மா. வேளை தப்பாமக் குடுக்குறது எம் பொறுப்பு."

மாத்திரையோடு இளநீரும் சேர்ந்து உப்பு அளவு கூடிவிடாமலிருக்க இளநீரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். சொன்ன நாளிலெல்லாம் ரத்தம் எடுக்கக் கூட்டிப்போனேன். பத்து நாளில் கழுத்து நேரானது. எட்டு மாதம் ஆகிறது. இப்போது மாத்திரையைக் கையில் எடுத்தாலே பூனை பாய்ந்து ஓடி ஒளிந்துகொள்கிறது. பிடிப்பதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.