எருக்குழிக்குப் பக்கத்தில் வந்த சாமி

நாமக்கல் இன்னும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்த காலத்தில், புதுச்சத்திரம் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். முன்கோபி. நான் சைக்கிளை விட்டு இறங்குவதைப் பார்த்தாலே டீக்கடைக்காரர் கிளாஸ்களை அவசர அவசரமாகக் கழுவ ஆரம்பிப்பார். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

பஞ்சாயத்து யூனியனில் லைசென்ஸ் வாங்கிய பிறகே செய்ய வேண்டிய தொழில்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அபாயகரமானவை, அருவருப்பானவை என்று அதற்குத் தலைப்பு. தோல் பதனிடுவது, செங்கல் சுடுவது, எலும்பு சேர்ப்பது இவற்றோடு எரு தயாரித்து விற்பதும் அதில் வரும். சொந்தக் காட்டுக்கு, அதாவது விவசாய நிலத்துக்கு, குப்பை மக்கவைக்க யாரையும் கேட்க வேண்டாம். விற்பதற்கென்று வெளியிலிருந்து கழிவைக் கொண்டுவந்து கொட்டினால்தான் வம்பு. இடத்தின் வரைபடம் வேண்டும். கிணறு, வீடு, ரோடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஈ மொய்க்காமல் மண் போட்டு மூட வேண்டும். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். நான் அங்கே வேலைக்குப் போன பிறகு அந்தத் தொழிலுக்கு முதன்முதலில் மனுப் போட்டவர் ஒரு பெண்.

அவருடைய கணவர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. காட்டை முழுக்கப் பார்த்துக்கொண்டது அந்த அம்மாதான். கிணறு வற்றிப்போய், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரியை வரவழைத்துப் போர் போட்டதில் தண்ணீருக்குப் பதில் வெறும் புகைதான் கிளம்பியது. வெள்ளாமை இல்லாத காட்டைக் கொழுந்தனார் கையில் விட்டுவிட்டு நாமக்கல்லில் வாடகை வீடு பார்க்க வேண்டியதுதான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. அவர் மட்டும் செய்யவில்லை. டவுன் ஓட்டல்களிலும் கல்யாண மண்டபத்திலும் விழுகிற எச்சில் இலையையும் மிச்சச் சோற்றையும் மாட்டுவண்டியில் தானே ஓட்டிக்கொண்டு வருவது, ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியின் கிழங்குத் தோலையும் கோழிப்பண்ணை எருவையும் அதோடு கலப்பது, மக்கியதும் மஞ்சள் போடுகிறவர்களுக்கு வண்டி வண்டியாக விற்பது. இதுதான் அவருடைய திட்டம். லைசென்ஸ் வராவிட்டால் காடு கையை விட்டுப் போய்விடும்.

முதல் தடவை குறை கண்டுபிடிக்கிற ஆசையோடுதான் போனேன். மாதிரிக்கு ஒரு குழி போட்டிருந்தார். மூக்கைப் பொத்தக் கைக்குட்டையை எடுத்த நான், அதைத் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டேன். மண் போட்டு மூடியிருந்தார். மழைத்தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, தட்டியும் கட்டியிருந்தார்.

"இன்னும் என்னென்ன வேணுமுங்க சார்? சொல்லிப்போட்டீங்கன்னா ஒரே வாட்டியில செஞ்சு போடறேன்" என்றார்.

லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் எதை விட்டுவிடலாம் என்றுதான் என்னிடம் பேரம் பேசுவார்கள். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

ஆட்சேபணை கொழுந்தனாரிடமிருந்து வந்தது. அடுத்த காடு அவருடையது. "ஊரான் தின்ன எலைய எங்கூட்டுப் பொம்பள வண்டியில அள்ளியாந்து கொட்டறது எங்களுக்குக் கேவலமுங்க" என்று ஆபீசுக்கே வந்து சொன்னார். காட்டின்மேல் கண் வைத்திருப்பதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்ன கேவலம் பொய்யில்லை என்றே எனக்குப் பட்டது. கேவலத்துக்கு விதியில் இடமில்லை என்றேன். எதற்கெல்லாம் இடம் உண்டு என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த முறை நான் போனபோது, வேலியோரம் கொழுந்தனாருடைய வேப்பமரத்தடியில் ஒரு கல் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. நட்ட மண்ணில் ஈரம்கூடக் காயவில்லை. டேப்பைப் பிடித்து அளந்தேன். கோயிலிலிருந்து தள்ளி இருக்க வேண்டிய தூரத்துக்குள் அந்த அம்மாவின் காடு ஏறக்குறைய முழுதும் வந்துவிட்டது. கடைசி மூலையில் ஒரு பாறைதான் மிச்சம். அதில் குழி தோண்ட முடியாது, வண்டியும் ஏறாது.

"இது எப்ப வந்த சாமி?" என்று கத்தினேன்.

"சாமிக்கு ஏதுங்க எப்ப வந்ததுன்னு?" என்றார் கொழுந்தனார், வெகு அடக்கமாக.

ஆபீசில் என் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சாமி இல்லைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார். எனக்கு வாய் இருந்த அளவுக்குத் தைரியம் இருக்கவில்லை. அவருக்கும் இல்லை. ஃபைல் அப்படியே படுத்துவிட்டது.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அழுவார், இல்லாவிட்டால் மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் வேலியோரம் போய்க் கல்லைப் பார்த்தார்.

"வந்தது வந்துருச்சு. இனிமே கும்புடாம இருக்க முடியுங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லுக்கு முன்னால் புது அரளிப்பூ இருக்கும். கொஞ்ச நாள் கழித்து அவர் பங்காளிகள் வீட்டுக்கெல்லாம் போய், நம் காட்டுக்கு ஒரு சாமி வந்திருக்கிறது, எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைக்கலாம் என்று அழைத்திருக்கிறார். பங்காளிகளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அடுப்பு கூட்ட இடம் வேண்டும், கிடா வெட்ட இடம் வேண்டும், பெண்கள் வந்துபோகத் தடம் வேண்டும், பின்னால் ஒரு மேடையும் கட்ட வேண்டும். எல்லாமே கொழுந்தனார் காட்டுக்குள். பங்காளிகள் கூடிப் பொங்கல் வைத்துவிட்டால் அந்த இடம் பொதுவாகிவிடும், அதற்குப் பிறகு அவர் அங்கே ஏர் ஓட்ட முடியாது. அவருடைய மஞ்சள் பாத்தியில் நின்று கயிறு பிடித்தே அளந்துவிட்டார்களாம்.

கொழுந்தனார் வியர்க்க விறுவிறுக்க ஆபீசுக்கு வந்தார்.

"சார், அது சாமி இல்லீங்க."

"பின்னே?"

"வெறும் கல்லுங்க. நாந்தான் நட்டு மஞ்சப் பூசினேனுங்க."

நான் அவசரப்படவில்லை. உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு ரசித்து நான் எதையும் எழுதியதில்லை. பொங்கல் நின்றது. பங்காளிகள் அவரைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். லைசென்ஸ் வந்தது.

தபாலில் போக வேண்டியதை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், வேலியைத் தாண்டாமல், மனிதரை எப்படி மடக்கிவிட்டார் என்று வழி நெடுக மெச்சிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

போய்ப் பார்த்தால் மாதிரிக் குழியைத் தூர்த்திருந்தார்; குழிக்குக் குறித்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த அம்மா பாறைமேல் இருந்தார். சுற்றிலும் கல் அடுக்கி, நடுவில் இலையைக் குவித்திருந்தார். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தார். சும்மாடு நனைந்து கழுத்தில் வழிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கும்மா இந்தப் பாடு? அது கல்லுதான்னு உங்க கொழுந்தனாரே எழுதிக் குடுத்துட்டாரு."

அவர் கூடையை இறக்கி வைத்தார்.

"அவருக்குக் கல்லாவே இருக்கட்டுமுங்க. நான் தெனமும் பூ வெச்சு, லைசென்ஸ் குடு சாமின்னு கேட்டேன். குடுத்துருச்சு. இப்ப அதும் மூஞ்சிக்கு முன்னாலயே எச்செலையக் கொட்டறதுங்களா?"

அவர் யாரையும் மடக்கவில்லை. பங்காளிகளைப் பொங்கலுக்கு அழைத்தது பொங்கலுக்காகவேதான். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய், அங்கிருந்து பாறை வரைக்கும் அளந்தேன். குவியல் விதி சொன்ன தூரத்துக்கு அப்பால்தான் இருந்தது.

இடம் மாறியதால் வரைபடத்தைத் திருத்தி அனுப்ப வேண்டும். வண்டி நிழலில் உட்கார்ந்து புதிதாக ஒன்று வரைந்தேன். பாறையைப் போட்டேன், குவியலைப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் ஒரு சின்னக் கட்டம் போட்டு அதற்குள் கோயில் என்று எழுதினேன்.